சக்கர அளவும் டயர் வகையும் காரின் பயணச் சொகுசும்

சாலையின் மேடுபள்ளங்களால் எழும் குலுக்கல், அதிர்வு, இரைச்சல் ஆகியவை காருக்குள் இருப்பவர்களை எவ்வளவு குறைவாக எட்டுகின்றன என்பதே பயணச் சொகுசு எனப்படுகிறது. இருக்கை, சுருள்வில், அதிர்வுத் தாங்கி ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் சாலையைத் தொடும் உறுப்பு டயர் மட்டுமே. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு பரப்பில் தரையில் பதிந்து, காரின் எடையில் தன் பங்கைச் சுமக்கிறது. அதனால்தான் ஒரே காரில் சக்கரத்தையும் டயரையும் மட்டும் மாற்றினாலும் பயண அனுபவம் மாறிவிடுகிறது.

பெரிய சக்கரம் சொகுசைக் கூட்டும் என்று சிலரும், குறைக்கும் என்று சிலரும் சொல்வதுண்டு. இரண்டும் உண்மையே. "பெரிய சக்கரம்" என்ற சொல் இரண்டு வேறு அளவுகளைக் குறிப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். டயரையும் சேர்த்த மொத்த விட்டம் பெரிதானால் சொகுசு கூடும். மொத்த விட்டம் மாறாமல் உள்ளே இருக்கும் உலோக ரிம் மட்டும் பெரிதானால் சொகுசு குறையும். இன்று கார்க் காட்சியகங்களில் பெருமையாகச் சொல்லப்படும் 17 அங்குலம், 18 அங்குலம் என்பவை ரிம்மின் அளவுகளே.

டயரில் உள்ள எண்கள்

டயரின் அளவு அதன் பக்கச்சுவரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 205/55 ஆர் 16 91 வி என்ற குறியீட்டை இவ்வாறு படிக்க வேண்டும்.

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
55 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. இங்கே 205-இல் 55 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 113 மி.மீ.
ஆர் என்பது ரேடியல் வகைக் கட்டமைப்பு.
16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.
91 என்பது சுமைக் குறியீடு. இந்த எண்ணுக்குரிய சுமை 615 கிலோ.
வி என்பது வேகக் குறியீடு. மணிக்கு 240 கி.மீ. வரை என்று பொருள்.

மொத்த விட்டத்தைக் கணக்கிட, ரிம்மின் விட்டத்தை 25.4 ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்கி, அதனுடன் பக்கச்சுவர் உயரத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும். மேலே உள்ள டயருக்கு 406 + 226 = 632 மி.மீ. கிடைக்கும். சொகுசைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியவை இந்த மொத்த விட்டமும் பக்கச்சுவர் உயரமும்தான்.

காற்றடைத்த டயரின் தோற்றம்

தொடக்க கால வண்டிச் சக்கரங்களில் இரும்புப் பட்டையோ திண்ம ரப்பரோ பொருத்தப்பட்டிருந்தது. கல்லும் குழியும் தந்த ஒவ்வோர் அடியும் நேராகப் பயணியை எட்டியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக மீண்டும் அதே கருத்தை எட்டினார். காற்றடைத்த டயர் பரவத் தொடங்கியது அதன் பிறகுதான். 1895-இல் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினர்.

அடுத்த பெரிய மாற்றம் ரேடியல் டயர். மிஷலின் நிறுவனம் 1946-இல் இதற்குக் காப்புரிமை பெற்று, 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய டயர்களில் நூலிழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ரேடியலில் அவை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுகின்றன. தரையைத் தொடும் மேற்புறத்தின் அடியில் எஃகுப் பட்டை இருக்கிறது. இதனால் மேற்புறம் உறுதியாகவும் பக்கச்சுவர் வளைந்து கொடுப்பதாகவும் அமைகிறது. இன்றைய கார்களில் பக்கச்சுவரின் உயரம் சொகுசைத் தீர்மானிப்பதற்கு இந்த அமைப்பே அடிப்படை.

டயர் ஒரு வில்

காரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்கள் இருப்பதாகக் கொள்ளலாம். மேலே இருப்பது சஸ்பென்ஷனின் சுருள்வில். கீழே இருப்பது டயருக்குள் அடைபட்ட காற்று. டயர் சுருள்வில்லைவிடச் சுமார் பத்து மடங்கு விறைப்பானது. இரண்டும் வெவ்வேறு வகை மேடுபள்ளங்களைக் கவனித்துக்கொள்கின்றன.

இந்தியச் சாலைப் பேரவையின் வரையறைப்படி அமைக்கப்படும் வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்லும் காரின் ஒரு சக்கரம் அதைக் கடக்க அரை நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்துக்குள் சுருள்வில் நிதானமாக அமுங்கி விரிந்துவிடும். இதற்கு மாறாக, 30 செ.மீ. நீளமுள்ள ஒரு குழியை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் கடக்க ஒரு நொடியில் 100-இல் 3 பங்கு நேரமே ஆகும். அவ்வளவு விரைவான அடிக்குச் சஸ்பென்ஷன் முழுமையாக ஈடுகொடுக்க முடியாது. அடியின் கூர்மையை மழுக்குவது டயரின் வேலை. பாலத்தின் இணைப்புகள், தார் பெயர்ந்த ஓரங்கள், கப்பிக்கல் சாலை, குறுகலாகவும் செங்குத்தாகவும் போடப்பட்ட வேகத்தடைகள் ஆகியவற்றில் டயரின் தரம் உடனே தெரிந்துவிடுவது இதனால்தான்.

அதிர்வெண்ணைக் கொண்டும் இதை விளக்கலாம். காரின் உடல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை மேலும் கீழும் அசையும் இயல்புடையது. சக்கரம் தன்னளவில் நொடிக்கு 10 முதல் 15 முறை துள்ளும் இயல்புடையது. மேலும் கீழுமான அதிர்வில் மனித உடல் அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலானது. கார்ப் பொறியாளர்கள் உடலின் அசைவை இந்த எல்லைக்குக் கீழேயும் சக்கரத்தின் துள்ளலை அதற்கு மேலேயும் வைக்க முயல்கின்றனர்.

மொத்த விட்டத்தின் விளைவு

மாட்டுவண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கும் காரின் மொத்த விட்டம் பற்றிய கேள்விக்கும் விடை ஒன்றே. பெரிய வட்டம் சிறு குழிக்குள் ஆழமாக இறங்காது. 20 செ.மீ. நீளமுள்ள குழியின் மேல் 50 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் உருளும்போது அதன் மையம் ஏறத்தாழ 21 மி.மீ. கீழே இறங்கும். 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஏறத்தாழ 15 மி.மீ. மட்டுமே இறங்கும். டயர் நசுங்குவதைச் சேர்க்காத வெறும் வடிவியல் கணக்கு இது. மேட்டில் ஏறும்போதும் பெரிய சக்கரம் சாய்வாக ஏறுகிறது. சிறிய சக்கரம் செங்குத்தாக மோதுகிறது.

இதற்கு இரண்டு புகழ்பெற்ற ஐரோப்பியக் கார்கள் எடுத்துக்காட்டு. பிரான்சில் 1948-இல் அறிமுகமான சித்ரோயன் 2சிவி, உழவர்கள் கரடுமுரடான பாதைகளிலும் ஓட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டது. குறுகிய, உயரமான சக்கரமும் மென்மையான சஸ்பென்ஷனும் அதன் அடையாளம். பிரிட்டனில் 1959-இல் வந்த மினி, நகர நெரிசலுக்கான மிகச் சிறிய கார். உள்ளே இருப்பவர்களுக்கு இடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக அலெக் இசிகோனிஸ் அதற்கு 10 அங்குலச் சக்கரங்களைத் தேர்ந்தார். வளைவுகளில் மினி துள்ளி ஓடியது. ஆனால் பள்ளமான சாலையில் குலுக்கலுக்கும் பெயர் வாங்கியது. அதில் சக்கர அளவுக்கும் பங்கு உண்டு.

விட்டத்தை விருப்பம்போல் கூட்ட முடியாது. சக்கரம் பெரிதானால் அதற்கான வளைவறையும் பெரிதாக வேண்டும். உள்ளே காலுக்கும் பொருள்களுக்கும் இடம் குறையும். அதனால் கார் தயாராகும்போதே மொத்த விட்டம் முடிவாகிவிடுகிறது. பிறகு வாங்குபவர் கையில் இருப்பது, அந்த விட்டத்துக்குள் ரிம் எவ்வளவு, காற்று எவ்வளவு என்ற தேர்வு மட்டுமே.

ரிம் பெரிதாகும்போது

2012-இல் அறிமுகமான ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் வெவ்வேறு வகைகளில் பின்வரும் டயர் அளவுகள் பொருத்தப்பட்டன.

195/65 ஆர் 15: பக்கச்சுவர் 127 மி.மீ., மொத்த விட்டம் 635 மி.மீ.
205/55 ஆர் 16: பக்கச்சுவர் 113 மி.மீ., மொத்த விட்டம் 632 மி.மீ.
225/45 ஆர் 17: பக்கச்சுவர் 101 மி.மீ., மொத்த விட்டம் 634 மி.மீ.
225/40 ஆர் 18: பக்கச்சுவர் 90 மி.மீ., மொத்த விட்டம் 637 மி.மீ.

ரிம் 15-இலிருந்து 18 அங்குலமாக வளர்ந்தபோதும் மொத்த விட்டம் சில மில்லிமீட்டருக்கு மேல் மாறவில்லை. எனவே பெரிய வட்டத்தால் கிடைக்கும் நன்மை எதுவும் இங்கே இல்லை. மாறியது பக்கச்சுவர் மட்டும். அது 29 விழுக்காடு குறைந்திருக்கிறது. ரிம்முக்கும் சாலைக்கும் இடையில் அடியை வாங்கிக்கொள்ள இருந்த இடைவெளியில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

இந்தியாவில் 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் காரிலும் இதே நிலைதான். தொடக்க வகைகளில் 165/80 ஆர் 14 டயரும் உயர் வகைகளில் 185/65 ஆர் 15 டயரும் பொருத்தப்பட்டன. மொத்த விட்டம் முறையே 620, 622 மி.மீ. பக்கச்சுவரோ 132-இலிருந்து 120 மி.மீ. ஆகக் குறைகிறது. விலை கூடிய வகையில் டயரின் மென்மை சற்றுக் குறைவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

பெரிய ரிம்மால் இன்னொரு விளைவும் உண்டு. சக்கரம், டயர், பிரேக் போன்ற, சுருள்வில்லுக்குக் கீழே இருக்கும் உறுப்புகளின் எடையைத் தாங்கப்படாத நிறை என்பர். இது கூடினால் சக்கரம் மேட்டில் ஏறிய பிறகு விரைவாகத் தரைக்குத் திரும்பாது. அடியும் உடலுக்குக் கூடுதலாகக் கடத்தப்படும். ஒரே வகையில் செய்யப்பட்ட ரிம்களில் பெரியது பொதுவாக எடை கூடியதாகவே இருக்கும். அலாய் வீல் என்றாலே எடை குறைவு என்ற எண்ணமும் எப்போதும் சரியல்ல. வலுவுக்காகத் தடிமனாக வார்க்கப்பட்ட பெரிய அலாய், சிறிய எஃகு ரிம்மைவிடக் கனமாக இருக்கலாம்.

சொகுசைவிடப் பெரிய சிக்கல் பாதுகாப்பு. ஆழமான குழியின் விளிம்பில் வேகமாக மோதும்போது, உயரம் குறைந்த பக்கச்சுவர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையில் நசுங்கும். உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்தால் பக்கச்சுவரில் கட்டி போன்ற புடைப்பு தோன்றும். அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது மெல்லிய ரப்பர் மட்டுமே. புடைத்த டயரைப் பஞ்சர் ஒட்டுவதுபோல் சரிசெய்ய முடியாது. மாற்றியே ஆக வேண்டும். ரிம் கோணினால் காற்று மெல்லக் கசிவதும் வேகத்தில் அதிர்வதும் தொடங்கும்.

பெரிய ரிம் விரும்பப்படுவதற்கான காரணங்கள்

பெரிய ரிம் வெறும் அலங்காரம் அல்ல. உயரம் குறைந்த பக்கச்சுவர் வளைவுகளில் குறைவாகவே நெளியும். அதனால் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கார் திரும்பும். ரிம்முக்குள் பெரிய பிரேக் தட்டு பொருத்தவும் இடம் கிடைக்கும். வேகமாக ஓட்டப்படும் கார்களுக்கும் கனமான கார்களுக்கும் இது தேவை. நல்ல சாலைகள் உள்ள இடங்களில் சொகுசில் ஏற்படும் இழப்பு குறைவாகவே தெரியும். மற்றபடி, பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் சக்கரம் நிறைந்து தெரிவதை வடிவமைப்பாளர்களும் வாங்குபவர்களும் விரும்புகின்றனர் என்பதே முதன்மையான காரணம்.

பெரிய ரிம்மும் உயரமான பக்கச்சுவரும் ஒன்றாக அமைவதும் உண்டு. 2013-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஐ3 மின்சாரக் காரின் டயர் 155/70 ஆர் 19. ரிம் 19 அங்குலமாக இருந்தும் பக்கச்சுவர் 109 மி.மீ., மொத்த விட்டம் 700 மி.மீ. மின்சாரச் செலவைக் குறைக்க உயரமான, குறுகிய டயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ரிம் எண்ணை மட்டும் பார்த்துச் சொகுசை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

காற்றழுத்தம்

டயரின் விறைப்பில் பெரும்பகுதி காற்றழுத்தத்தால் வருவது. பரிந்துரைத்ததைவிடக் கூடுதலாக அடைத்தால் சிறு கற்கள்கூட உள்ளே உணரப்படும். டயரின் நடுப்பகுதி மட்டும் விரைவாகத் தேயும். சரியான அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட தாளில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எண் அந்த டயர் தாங்கும் மிகுதியான அழுத்தமே தவிர, காருக்குரிய அளவு அல்ல. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. கூடும் என்பதால், ஓடிச் சூடான டயரில் காற்றைக் குறைப்பது தவறு.

சொகுசுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுவது ஆபத்தானது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து சூடேறும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்புறம் பிரிந்து பலர் இறந்தது தெரியவந்தது. பல லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. டயர் நிறுவனம் 30 பி.எஸ்.ஐ. வேண்டும் என்றது. விபத்துகளுக்கான காரணங்களாக விவாதிக்கப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. அதைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டின் புதிய கார்கள் அனைத்திலும் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

டயர் வகை

அளவு ஒன்றாக இருந்தாலும் எல்லா டயர்களும் ஒரே சொகுசைத் தருவதில்லை.

பயண வகை: நீண்ட பயணத்துக்காகச் செய்யப்படும் டயர்களில் பக்கச்சுவர் மென்மையாகவும் பட்டன்கள் எனப்படும் மேற்புறக் கட்டிகள் இரைச்சல் குறையும்படி வெவ்வேறு நீளத்திலும் அமைந்திருக்கும்.

விரைவு வகை: வேகக் குறியீடு உயர்ந்த டயர்களில் உள்பட்டைகள் வலுவாக இருக்கும். பிடிப்பு கூடும், பொதுவாக மென்மை குறையும்.

கூடுதல் சுமை வகை: எக்ஸ்.எல். என்று குறிக்கப்பட்ட டயர்கள் உயர்ந்த காற்றழுத்தத்தில் கூடுதல் எடையைத் தாங்குபவை. காருக்குத் தேவையில்லாதபோது இவற்றைப் போட்டால் குலுக்கல் கூடலாம்.

ரன்ஃபிளாட் வகை: காற்று முழுவதும் இறங்கிய பிறகும் பொதுவாக மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தொலைவு வரை ஓடக்கூடியவை. காற்றில்லாமலும் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் பக்கச்சுவர் தடிமனாக இருக்கும். குலுக்கல் சற்றுக் கூடுதலாகத் தெரியும். நடுவழியில் டயர் மாற்ற முடியாதவர்களுக்கு இது ஏற்கத்தக்க விலையே.

டயரின் வயதும் முக்கியம். பட்டன் தேயாவிட்டாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

இரைச்சல்

அகலமான டயரும் கரடான பட்டன்களும் பொதுவாக இரைச்சலைக் கூட்டும். மின்சாரக் கார்களில் எஞ்சின் ஓசை இல்லாததால் டயரின் ஓசை தனித்துக் கேட்கிறது. அதனால் சில டயர்களின் உட்புறத்தில் நுரைப்பட்டை ஒட்டப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் டயர்களில் ஒட்டப்படும் தரச்சீட்டு எரிபொருள் சிக்கனம், ஈரச் சாலைப் பிடிப்பு, வெளி இரைச்சல் ஆகியவற்றைக் காட்டுகிறது. அதில் உள்ள டெசிபல் எண் வெளியே நிற்பவர் கேட்கும் ஓசை. காருக்குள் கேட்கும் ஓசையோ குலுக்கலோ அதில் இடம்பெறுவதில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

காரின் கையேட்டில் கொடுக்கப்பட்ட அளவுகளுக்குள் தேர்வு செய்வதே பாதுகாப்பானது. பல கார்களுக்கு இரண்டு அல்லது மூன்று அளவுகள் ஏற்கப்பட்டிருக்கும். பள்ளமான சாலைகளில் அதிகம் ஓட்டுபவர் அவற்றுள் சிறிய ரிம்மைத் தேர்ந்தால் சொகுசும் கிடைக்கும், டயரின் விலையும் பெரும்பாலும் குறையும். கையேட்டில் இல்லாத சிறிய ரிம், பிரேக்கில் உரசக்கூடும்.

மொத்த விட்டம் மாறாமல் இருக்க வேண்டும். 185/65 ஆர் 15 டயருக்குப் பதிலாக 195/55 ஆர் 16 போட்டால் விட்டம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். பக்கச்சுவர் 13 மி.மீ. குறையும். 195/50 ஆர் 16 போட்டால் விட்டமே 3 விழுக்காடு குறையும். அப்போது வேகமானி உண்மையைவிடக் கூடுதல் வேகத்தைக் காட்டும். காரின் அடிப்புறமும் தரைக்கு நெருங்கும். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பரிந்துரைத்ததைவிடக் குறையக் கூடாது.

குலுக்கல் என்று கருதப்படுவது சில நேரம் வேறு கோளாறாகவும் இருக்கும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழியிலும் கார் பலமுறை ஊசலாடினால் அதிர்வுத் தாங்கி தேய்ந்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த டயர் வாங்கியும் பயனில்லை.

புதிய கார் வாங்குபவர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. தாம் வாங்கவிருக்கும் வகையில் வரும் அதே அளவு சக்கரங்கள் பூட்டிய காரை, தாம் நாள்தோறும் செல்லும் சாலை போன்ற ஒரு சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே பெயருள்ள காரின் இரு வகைகளுக்கு இடையே சக்கரத்தால் வரும் வேறுபாடு, காட்சியகத்தின் வழவழப்பான தரையில் நிற்கும்போது கண்ணுக்கு அழகாக மட்டுமே தெரியும். அதை முதுகு உணர்வது சாலையில்தான்.